நரிப்பயற்று வரிசை

யதுர்ஷிகாவின் தொழில் காயப்படுத்துவது. இதைத் தன் வாயாலேயே சொல்லி, பெண் பார்க்க வந்த ஒரு கூட்டத்தைக் கலைத்தவள் அவள். "பிள்ளை கம்பஸிலை என்ன செய்யிறா?" என்று மாப்பிள்ளையின் தாய் அன்பாகத்தான் கேட்டார். "இலையளைக் குறட்டாலை நசிப்பன் மாமி. பிறகு அதுகள் என்ன செய்யுதெண்டு பாப்பன்" என்றாள் இவள். வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். தாய் அன்னபாக்கியம் அன்று முழுக்க மகளுக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கனகராயன்குளத்துக்கு உள்ளே, வாய்க்கால் கரையோரம் அவர்களுடைய காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தகப்பன் ஷெல் பட்டு விழுந்தபோது யதுர்ஷிகா பதுங்குகுழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த சின்னப் பெட்டை. வெளியே ஓடிப்போய்த் தகப்பனை இழுத்து வந்தவன் தமையன் கோகுலன். இழுத்து வந்ததில் பலன் ஒன்றும் இருக்கவில்லை. அகதி முகாமிலிருந்து திரும்பியதும் அவன் பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குள் இறங்கினான். தங்கச்சியின் படிப்பு முழுக்க அவனுடைய இரண்டு கைகளில்தான் நடந்தது. அவளுக்கு அது தெரியும். அவன் மண்வெட்டி பிடிப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ குத்தும்.

வவுனியாவில் பட்டம் முடித்து, அங்கேயே கௌசலா மிஸ்ஸிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். ஆய்வு இதுதான். புழு ஒன்று இலையைக் கடித்தால் செடி சும்மா இராது. கடிபட்ட இடத்தில் ஒரு புரதத்தின் வால் அறும். அந்த அறுந்த துண்டு மற்ற இலைகளுக்குச் சேதி கொண்டுபோகும்: இங்கே வெட்டு விழுந்துவிட்டது, கவனம். சேதி கேட்ட இலைகள் கசக்கத் தொடங்கும். இந்தச் சின்னப் புரதங்களைச் செய்கிற மரபணுக்கள் ஒரு குடும்பம். வினோதமான குடும்பம். ஒன்றின் முகம் மற்றதுக்கு வராது, வால் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று. அளவில் மிகச் சிறியவை என்பதால் கணினி இவற்றைக் கணக்கில் எடுக்காமல் குப்பையோடு தள்ளிவிடும். யதுர்ஷிகா கணினியை நம்பவில்லை. முகத்தை விட்டுவிட்டு வாலைப் பிடித்துத் தேடினாள். உளுந்தில் ஆறு அகப்பட்டது. குளக்கட்டில் கேட்பாரற்றுப் படர்கிற நரிப்பயற்றில் ஏழு.

அந்த ஏழாவது யாருடைய ஆய்விலும் இல்லாதது. "டீ.என்.ஏ எழுத்திலை கிடக்கிறது வேறை, செடி அதைப் பாவிக்கிறது வேறை" என்றார் கௌசலா மிஸ். "காயப்படேக்கை செடி அதைச் செய்யுதெண்டு காட்டு. அதுக்குப் பிறகுதான் அது மரபணு. அதுவரைக்கும் உன்ர ஆசை."

கம்பஸ் சாடிகளில் நரிப்பயறு சவலைப் பிள்ளை மாதிரி நோஞ்சலாய்க் கிடந்தது. அதனால் கோகுலனின் உளுந்து வயலோரம் ஒரு வரிசை நட்டாள். ஊர் சிரித்தது. நரிப்பயற்றைக் கண்டால் பிடுங்கி எறிவதுதான் உளுந்துக்காரரின் வழக்கம். "களையை நடுற முதல் ஆள் என்ர தங்கச்சிதான்" என்று கோகுலனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, ஆடு வாய் வையாமல் முள்ளு வெட்டி வந்து அந்த வரிசையைச் சுற்றி அடைத்தும் கொடுத்தான்.

காயப்படுத்திய இலையை உடனே உறைய வைக்கவேண்டும். கிள்ளி எடுப்பதும் செடிக்கு ஒரு காயம்தானே. கொஞ்சம் சுணங்கினால் எது எந்தக் காயத்துக்கு எழுந்ததென்று தெரியாமல் போகும். உறைய வைக்கத் திரவ நைதரசன் வேண்டும். வன்னியில் அதற்கு எங்கே போவது? மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற நாஸிம்தான் அவளுக்குத் தஞ்சம். காளை விந்தைப் பழுதாகாமல் வைக்க அவரிடம் அது எப்போதும் இருக்கும். பிளாஸ்க் மாதிரியான ஒரு குடுவையில் ஊற்றிக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே புத்திமதி. "தங்கச்சி, வெறுங்கையிலை ஒரு சொட்டுப் பட்டால் உருண்டு ஓடிரும், பயப்பிடாதீங்க. துணிக்குள்ளயோ சப்பாத்துக்குள்ளயோ தேங்கிச்செண்டாத்தான் சதையைத் திண்டுரும்."

இனி மண்ணின் கதைக்கு வரவேண்டும். ஆற்று மண்ணை இரவு பகலாக அள்ளிக்கொண்டு டிப்பர் லொறிகள் கோகுலனின் வயலோரப் பாதையால் ஓடின. வாய்க்கால் கட்டு உடைந்தது, வரம்பு சரிந்தது. எல்லாரும் வாய்க்குள் திட்டினார்கள். பூனைக்கு மணி கட்ட ஒருவரும் இல்லை. கோகுலன் கட்டினான். ஒரு முதிரை மரக்குற்றியை உருட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு, பொலிஸுக்குப் போய் டிப்பர் ஓட்டுகிறவர்களின் பெயரையும் சொன்னான். அடுத்த நாளே அவனுடைய நாயை யாரோ கழுத்தறுத்து அந்தக் குற்றியின்மேல் போட்டிருந்தார்கள். கோகுலன் நாயைப் புதைத்தான். குற்றியை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லாவியிலிருந்து மாமா கதிர்காமநாதன் மகன் பிரசாந்தனோடு வந்தார். அன்னபாக்கியத்தின் ஒரே தமையன். யுத்தத்துக்குப் பிறகு இவர்களுக்குத் தகரமும் சீமெந்தும் இறக்கிக் கொடுத்தவர். கையில் இப்போது காசு புழங்கியது. எங்கிருந்து புழங்குகிறதென்று உறவுக்குள் கேட்பது மரியாதையில்லை, ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. சேவலடித்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். "குற்றியை எடு மருமோன், ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்குறாய்" என்றார் மாமா. "எடுக்கமாட்டன் மாமா" என்றான் கோகுலன்.

பிரசாந்தன் வயலைப் பார்க்கக் கிளம்பினான். யதுர்ஷிகா கூடப் போனாள். முறை மச்சான், சின்ன வயதில் ஒரே பாயில் உருண்டவன். மச்சானிடம் மறைத்துப் பேசுவதென்று அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமே கிடையாது.

"எது மச்சாள் உன்ர ஆராய்ச்சி?"

"இந்த ஒரு வரிசைதான். பூக்கத் தொடங்கீட்டுது. வாற கிழமை இலை எடுப்பன். இது போனால் இந்தப் பருவம் போச்சு, காசு தந்தவையும் கையை விரிச்சிடுவினம்."

பிரசாந்தன் குனிந்து பார்த்தான். "களை மாதிரியெல்லோ கிடக்கு. நீ சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

இலை எடுக்கிற காலையும் வந்தது. பனி விலகும் முன்னமே யதுர்ஷிகா வரிசையில் இருந்தாள். குறட்டால் நசித்தாள், காத்திருந்தாள், கிள்ளினாள், ஈயத்தாளில் மடித்துக் குடுவைக்குள் போட்டாள். பால்போல் புகை எழுந்து அடங்கியது. காயப்படாத செடிகளின் இலைகளையும் எடுத்து முடித்தாள். இத்தனை காலத் தேடலும் அந்தச் சின்னக் குடுவைக்குள் வந்துவிட்டது. அவளுக்குப் பாடவேண்டும்போல் இருந்தது. கோகுலன் சற்றுத் தள்ளி உளுந்துக்குள் நின்றான்.

மோட்டார்சைக்கிள் இரண்டு குற்றியடியில் வந்து நின்றன. நாலு பேர். எல்லார் தலையிலும் ஹெல்மெட், கீழே முகத்தை மூடித் துணி. ஒருவன் எஞ்சினை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு இருந்தான். மற்றவர்கள் இறங்கினார்கள். கையில் வாள்.

"யது, ஓடு!" என்று கோகுலன் கத்தினான். அவள் ஓடவில்லை. திறந்த குடுவையைப் பிடித்தபடி நின்றாள்.

இரண்டு பேர் கோகுலனிடம் போனார்கள். மூன்றாமவன் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. விளைந்த உளுந்து அவ்வளவு பரப்பில் கிடக்க, அதற்குள்ளால் நேராக நடந்து, முள்ளடைப்பைக் காலால் உதைத்து விழுத்திவிட்டு, நரிப்பயற்றை வெட்டத் தொடங்கினான். கொடியும் பூவும் சிதறின. பச்சை மணம் மூக்கில் ஏறியது. அங்காலே முதல் வெட்டு கோகுலனின் தோளில் விழுந்தது. சட்டை வாய் பிளந்ததுபோல் விரிந்து இரத்தம் முதுகால் வழிந்தது. அப்படியும் அவன் தன்னை வெட்டியவர்களைத் தள்ளிவிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தான், தங்கச்சியிடம். வரிசையில் நின்றவனின் இடது காலைக் கட்டிப்பிடித்து விழுந்தான்.

நின்றவன் வாளை ஓங்கினான்.

யதுர்ஷிகா கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். குடுவை திறந்திருந்தது. ஊற்றலாம். ஊற்றினால் உள்ளே இருக்கிறதெல்லாம் போய்விடும். அவள் யோசித்தாள். ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான், ஆனால் யோசித்தாள். அந்த நேரத்துக்குள் வாள் இறங்கிவிட்டது. கோகுலன் மறைக்கத் தூக்கிய வலது கையில் அது விழுந்தது. விரல்கள் நரிப்பயற்றுக் கொடிக்குள் விழுந்ததை அவள் கண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஊற்றினாள். ஊற்றினாளா, எறிந்தாளா, அவளுக்கே தெரியாது. குடுவையில் இருந்ததெல்லாம் வெட்டியவனுடைய வலது காலில் கொட்டியது. கன்வஸ் சப்பாத்துக்குள்ளும் காலுறைக்குள்ளும் இறங்கியது. வெள்ளைப் புகை எழும்பி அவனை இடுப்புவரை மூடியது. "அசிட்! அசிட்!" என்று மற்றவர்கள் அலறிக்கொண்டு மோட்டார்சைக்கிளுக்கு ஓடினார்கள். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. குரல் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்திருக்க வேண்டும். வாளைப் போட்டுவிட்டு நொண்டி நொண்டிப் போய்ப் பின்னால் ஏறினான்.

ஈயத்தாள் பொட்டலங்கள் சேற்றுக்குள் கிடந்தன. வெயில் பட்டதும் உள்ளே இருந்த இலைகள் கறுத்துக் கூழாகின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. துப்பட்டாவைக் கிழித்துத் தமையனின் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டக் கட்ட இரத்தம் நனைத்துக்கொண்டு வந்தது. "நான் யோசிச்சிட்டன் அண்ணா" என்று வாய்வரை வந்தது. அவன் முகம் குப்புறக் கிடந்தது. கண்டிருக்க மாட்டான் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல் போய்விட்டதென்றார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அந்தக் கையால் இனி மண்வெட்டி பிடிக்க முடியாது. பொலிஸ் வந்து முறைப்பாடு எழுதிக்கொண்டது. "இனந்தெரியாத நபர்கள்" என்று எழுதியது. நம்முடைய நாட்டில் ஆளை வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரே பெயர்தான்.

மறுநாள் பின்னேரம் பிரசாந்தன் ஒரு பை அப்பிளோடு வந்தான். கட்டிலடியில் இருந்து கோகுலனின் நல்ல கையைத் தடவிக் கண்ணீர் விட்டான். ஆடு நனையுதென்று ஓநாய் அழுததாம். யதுர்ஷிகா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். இடது காலில் செருப்பு. வலது காலில் விரலிலிருந்து கரண்டைவரை துணிக்கட்டு.

"காலிலை என்ன மச்சான்?"

"சைலன்சர் சுட்டது."

வன்னியில் சைலன்சர் சுடாத கால் எது? அவளுக்கும் இருந்தது தழும்பு. ஆனால் சைலன்சர் சுடுவது கெண்டைக்காலில். விரலிடுக்கில் சுடாது. கட்டு விலகிய இடத்தில், இரண்டு விரலுக்கு நடுவே, தோல் வெள்ளையாக வெந்து ஓரம் கறுத்திருந்ததை அவள் கண்டாள். நெருப்புப் புண் அப்படி இராது. நாஸிமின் கையில் ஒருமுறை அப்படி இருந்தது, கையுறைக்குள் நைதரசன் தேங்கியதில். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அந்த வரிசையைக் காட்டிக் கொடுத்தது அவளுடைய வாய்தான். நேராக நடந்து வந்தானே, வேறு யாருக்குத் தெரியும்?

கோகுலன் முன்பு சொல்லியிருந்த பெயர்களை வைத்துப் பொலிஸ் டிப்பர்காரர் சிலரைப் பிடித்தது. பெரிய ஆட்களை விட்டுவிட்டுச் சின்னவர்களைப் பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. பிடிபட்டவர்கள் சொல்லப்போய் அந்த வலையில் பிரசாந்தனும் விழுந்தான். மாமாவின் டிப்பரை அவன்தான் ஓட்டினான் என்பது அப்போதுதான் வீட்டுக்கு வெளிச்சமானது. நீதவான் அடையாள அணிவகுப்புக்கு உத்தரவிட்டார். கண்கண்ட சாட்சி யதுர்ஷிகா.

அழைப்பாணை வந்த அன்றே மாமா வந்தார். கதிரையில் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றே கதைத்தார்.

"பிள்ளை, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. முகத்தை மூடியிருந்தவங்கள்தானே? மூடியிருந்தது, தெரியேல்லை எண்டு சொல்லு. அது உண்மைதானே?"

"அண்ணாவின்ர கையைப் பாத்தனீங்களோ மாமா?"

"பாத்தனான். என்ர செலவிலை வைத்தியம் பாப்பம். தானாடாட்டியும் தன் தசை ஆடுமெல்லோ." பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். "இது நான் போட்ட கூரை. வெயில் காலத்திலை நெருப்புக்குச் சொந்தம் பந்தம் தெரியாது பிள்ளை. அவனோடை நிண்ட மற்றவங்களை நான் கட்டி வைக்கேலாது."

அவர் போனதும் அன்னபாக்கியம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் என்ர அண்ணையின்ர ஒரே பிள்ளையடி. உங்கட அப்பா செத்தாப்பிறகு எங்களுக்குச் சோறு போட்ட வீடு. விரல் இனி முளைக்காது. நீ காட்டினால் எனக்குப் பிறந்த வீடும் இல்லை."

கோகுலன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "விடு யது. இனி ஆருக்கு வெட்டு விழும் எண்டு சொல்லேலாது" என்றான்.

யதுர்ஷிகா கண்ணை மூடினால் ஓங்கிய வாள் வந்து நின்றது. அந்த ஒரு மூச்சு வந்து நின்றது. மாமாவின் மேலும் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். வயலுக்குப் போனாள். வெட்டுண்ட நரிப்பயறு காய்ந்து பொருபொருத்துக் கிடந்தது. காயப்பட்டால் இந்தச் செடிகூடப் பக்கத்து இலைக்குச் சேதி சொல்லும். நான் என்னத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க? என்று கேட்டாள். கேட்டது தன்னையா செடியையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அணிவகுப்பு அன்று பிடிபட்டவர்களோடு தெருவிலிருந்து கூட்டி வந்தவர்களையும் கலந்து நிறுத்தியிருந்தார்கள். ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே நிறம். சிலர் செருப்பு, சிலர் சப்பாத்து. பிரசாந்தன் கலியாண வீட்டுக்குப் போவதுபோல் மினுங்குகிற சப்பாத்துப் போட்டிருந்தான். அவளைக் கண்டதும் உதட்டோரத்தால் சின்னதாகச் சிரித்தான், சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"இதிலை உமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம் சேர். ஒருத்தர் என்ர மாமாவின்ர மகன்."

"அண்டைக்கு வந்தவையின்ர முகத்தைக் கண்டனீரோ?"

"இல்லை சேர். மூடியிருந்தவை."

பிரசாந்தனின் சிரிப்பு கொஞ்சம் விரிந்தது.

"அப்ப எப்பிடி அடையாளம் காட்டுவீர்?"

"முகம் தேவையில்லை சேர். வெட்டினவரின்ர வலது சப்பாத்துக்குள்ளை நான் திரவ நைதரசன் ஊத்தினனான். அந்தப் புண் விரலிடுக்கிலையிருந்து மேற்பாதம் வரைக்கும் போகும். வேறை எதாலையும் அப்பிடி வராது. எல்லாரையும் வலது கால் செருப்பு, சப்பாத்தைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ."

எல்லாரும் குனிந்தார்கள். செருப்புகள் கழன்றன, சப்பாத்துகள் கழன்றன. நிமிர்ந்து நின்றபடியே இருந்தவன் ஒருவன்தான். பொலிஸ்காரர் கிட்டப் போனதும் அவனும் குனிந்தான். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் முனகினான். அன்று வயலில் அடக்கிய சத்தம் இன்றுதான் வெளியே வந்தது.

யதுர்ஷிகா நேராக நடந்தாள். உளுந்துக்குள்ளால் அவன் நடந்து வந்தானே, அப்படி. தோளில் கை வைத்தாள்.

"மச்சாள்" என்றான் அவன், மெதுவாக. "உன்னிலை நான் கை வைக்கேல்லையே."

"நீ வெட்டினது என்ர அண்ணாவின்ர கை" என்றாள். கையை எடுக்கவில்லை. நீதவான் எழுதி முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

வெளியே வாகை மரத்தடியில் அன்னபாக்கியம் மாமாவோடு நின்றார். யதுர்ஷிகா வருவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா காறித் துப்பினார். கூரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ. ஏழாவது மரபணு இன்னும் மரபணு இல்லை. அடுத்த மழைக்குக் குளக்கட்டில் திரும்பவும் பொறுக்கி நடவேண்டும், காசு கொடுக்க யாராவது இருந்தால். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் ஏறி இருந்தன. அவள் அழுதுகொண்டேதான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

கோகுலன் அங்கே இருந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வீதியைப் பார்த்துக்கொண்டு.

"காட்டிப்போட்டன் அண்ணா."

அவன் தலையாட்டினான். டிப்பர் ஒன்று மண்ணோடு இரைந்துகொண்டு போய் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினான்.

"இந்தமுறை யோசிச்சனியோ?"

அன்றைக்கு அவன் கண்டிருக்கிறான். கண்டும், ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறான்.

"இல்லை அண்ணா" என்றாள்.